காசு மிச்சம், சேலை நாசம்: குறைந்த செலவில் பரிசு சுற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினம். அதற்கு முந்திய சில நாட்களில் திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் போனால், சீருடை மாற்றாத பிள்ளைகள் கூட்டமாக நின்று, பரிசு வாங்கியது போக மிஞ்சிய சில்லறையில் கடதாசிக்கும் ரிபனுக்கும் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பதைக் காணலாம். அவர்களில் சிலர் சுற்றி முடித்த பொதியைத் திருத்தித் தரும்படி என்னிடம் வருவார்கள். வீட்டிலிருந்தபடியே பரிசுப் பொதிகள் செய்துகொடுக்கும் எனக்கு அவர்கள் விடும் பிழைகளில் எதுவும் புதிதில்லை. தொழில் தொடங்கிய காலத்தில் நானும் அவற்றையே செய்தேன். விலைச்சீட்டைக் கழற்ற மறப்பது, பெயர் எழுத மறப்பது போன்றவற்றை இங்கே எடுக்கப்போவதில்லை. ஒருமுறை பட்டவர் மறுமுறை தாமாகவே கவனிப்பார். செலவைக் குறைக்கப்போய் அதைவிடப் பெரிய செலவை இழுத்துக்கொள்ளும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

அளக்காமல் வெட்டுவது

கடதாசியைப் பெட்டியின்மேல் போர்த்திப் பார்த்துவிட்டு, “இவ்வளவு காணும்” என்று கத்தரிக்கோலை ஓட்டுகிறவர்கள் ஒரு விரற்கடை குறைத்து வெட்டி முழுத் தாளையும் வீணாக்குவார்கள்; அல்லது பயத்தில் தாராளமாக விட்டு, மிஞ்சியதை இரு முனைகளிலும் திணித்துப் பெட்டியைத் தலையணை போல உப்பவைப்பார்கள்.

கணக்கு எளிது. பெட்டியைச் சுற்றிவரும் திசைக்கு நான்கு முகங்களின் அளவையும் கூட்டி, மேலதிகமாக 2 செ.மீ. விட வேண்டும். மற்றத் திசைக்குப் பெட்டியின் நீளத்தோடு உயரத்தைக் கூட்டி 2 செ.மீ. விட்டால், ஒவ்வொரு முனையிலும் கடதாசி பாதி உயரத்தைச் சற்றுத் தாண்டி நிற்கும். மடிப்பு மூடிக்கொள்ள அதுவே போதும். 20 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள பெட்டிக்கு 48 செ.மீ.க்கு 30 செ.மீ. துண்டு காணும். 50க்கு 70 செ.மீ. தாள் ஒன்றிலிருந்து அப்படி இரண்டு துண்டுகள் எடுக்கலாம். அளக்காதவருக்கு அதே தாளில் ஒன்றுதான் கிடைக்கிறது.

சதுரமான தட்டைப் பெட்டிக்கு வேறு வழி உண்டு. சதுரத் தாளின் மூலை உங்களை நோக்கியிருக்கும்படி விரித்து, பெட்டியின் பக்கங்கள் அம்மூலைகளை நோக்கியிருக்குமாறு நடுவில் வைத்து, நான்கு மூலைகளையும் மேலே கொண்டுவந்து சந்திக்கவிடலாம். பெட்டியின் மேல்முக மூலைவிட்டத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் தாளின் பக்க அளவு வரும். 20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. உயரமும் உள்ள பெட்டிக்கு அது 36 செ.மீ. தாளும் சற்று மிச்சம். டேப் ஒரே ஒரு துண்டு.

ரிபனையும் அளந்தே வெட்டுங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவதற்கு இரண்டு நீளம், இரண்டு அகலம், நான்கு உயரம். பூ முடிச்சுக்கு மேலும் 60 செ.மீ. அளவில் வேண்டும்.

செய்தித்தாளைப் பொருளோடு ஒட்டவிடுவது

மலிவாகப் பரிசு சுற்றுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் பழைய செய்தித்தாள். யோசனையில் பிழையில்லை. எழுத்து நிறைந்த பக்கமொன்றைச் சுருக்கமில்லாமல் சுற்றி, சிவப்பு நூலால் குறுக்குக் கட்டுப் போட்டால், பளபளக்கும் கடைத்தாளைவிட அது அழகாகவே இருக்கும். ஆனால் அந்தத் தாள் நேரே பொருளின்மேல் படலாமா என்பதை யோசனை சொல்லும் ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் பிழை இதுதான்.

ஓர் ஆசிரியர் தினத்துக்கு முதல்நாள் உயர்தர வகுப்புப் பையன் ஒருவன் பொதியொன்றைக் கொண்டுவந்து, மேலே ரிபனில் ஒரு பூ மட்டும் கட்டித் தரும்படி கேட்டான். உள்ளே இருந்தது, வகுப்பே காசு சேர்த்து ரீச்சருக்கு வாங்கிய வெளிர்மஞ்சள் பருத்திச் சேலை. கடையில் கொடுத்த பிளாஸ்ரிக் உறை அழகில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலையை நேரே செய்தித்தாளில் சுற்றி, சில நாட்களாகப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். ஒரு மூலை பிரிந்திருந்ததால் உள்ளே பார்த்தேன். சேலையின் வெளிமடிப்பு முழுதும் சாம்பல் படிந்திருந்தது. பை அழுத்திய ஓரத்தில், தலைப்புச் செய்தியின் தடித்த எழுத்துகள் சில இடம்வலம் மாறி, வாசிக்கக்கூடிய அளவுக்குப் பதிந்திருந்தன. “கழுவினால் போகாதா, அக்கா?” என்று கேட்டபடியே விரலை ஈரமாக்கித் தேய்க்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். தேய்த்திருந்தால் எழுத்து கலைந்து கறை பரந்திருக்குமே தவிரப் போயிருக்காது. ஒரு தாளின் விலையை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு சேலையின் விலை போயிற்று. இதே காட்சியைப் பின்னர் வெள்ளை வேட்டியிலும், குழந்தையின் முதற் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையிலும் பார்த்துவிட்டேன்.

காரணம் மையில் இருக்கிறது. நாளிதழின் கறுப்பு மை, எண்ணெயில் குழைத்த கரி. பளபளப்பான சஞ்சிகைப் பக்கங்களைப் பெரும்பாலும் வெப்பமூட்டி உலர்த்துவார்கள். நாளிதழ்த் தாளில் எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்வதாலேயே மை நிலைக்கிறது. எண்ணெய் உள்ளே இறங்கிய பின்னும் கரித்துகளில் ஒரு பங்கு மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அழுத்தமும் உராய்வும் வியர்வையும் சேரும்போது அது பக்கத்திலிருப்பதில் ஏறிக்கொள்கிறது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக்குப் பஞ்சமா? கரி நீரில் கரையாது, வெளிறவைக்கும் திரவங்களுக்கும் மசியாது. தாள் நாட்பட்டதானால் ஒட்டுவது குறையும், அற்றுப்போகாது. நாட்பட்ட தாளுக்கு வேறு குறையும் உண்டு. மலிவான மரக்கூழில் செய்யப்பட்டதால் அது காலப்போக்கில் அமிலமேறி மஞ்சளாகிறது. அதனோடு மாதக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் புகைப்படத்திலும் வெள்ளைத் துணியிலும் அந்த மஞ்சள் ஏறும்.

ஆகவே பொருளுக்கும் செய்தித்தாளுக்கும் இடையில் ஒரு தடுப்பு வேண்டும். மெல்லிய வெள்ளை டிஷ்யூத் தாள் போதும். அதுவும் இல்லையென்றால் எழுதாத ஏ4 தாள்கள் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். துணி வந்த பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. சந்தேகமிருந்தால், வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை விரலில் சுற்றி, பக்கத்தின் மிகக் கறுப்பான படத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அந்தத் தாள் வெளிச்சுற்றுக்கு மட்டும்.

மையைக் கவனித்தவர்களும் பக்கத்தைக் கவனிப்பதில்லை. எங்கள் தமிழ் நாளிதழ்களில் மரண அறிவித்தல்களுக்கும் 31ஆம் நாள் நினைவஞ்சலிகளுக்கும் உள்ள இடம் கொஞ்சமல்ல. வீடு குடிபுகல் ஒன்றில், சாமியறை வாசலோரம் அடுக்கியிருந்த பரிசுகளுக்குள் அப்படியொரு பக்கம் வெளித்தெரிய ஒரு பொதி இருந்தது. வீட்டுக்கார அப்பம்மா எவரிடமும் எதுவும் சொல்லாமல் அதை இரண்டு விரலால் தூக்கிப் பின்விறாந்தையில் கொண்டுபோய் வைத்தார். கொடுத்தவரும் அங்கேயே நின்றிருந்தார். தெய்வப் படம் உள்ள திருவிழாச் சிறப்பிதழும் ஆகாது. சுற்றும்போது அழகாக இருக்கும், பிரித்த பிறகு கிழிந்து காலடியில் கிடக்கும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போய்வரும் இந்த ஊரில், அரபு எழுத்துள்ள பக்கத்துக்கும் புத்தர் படமுள்ள வெசாக் சிறப்பிதழுக்கும் அதே கவனம் தேவை. குறுக்கெழுத்துப் போட்டி, மரக்கறி விலைப்பட்டியல், காணி விளம்பரம் ஆகியவை யாருடைய மனதையும் நோகடிக்காது. சிறுவர் பகுதியின் சித்திரக்கதை கிடைத்தால் பிள்ளைகள் சுற்றுத்தாளையும் பத்திரப்படுத்துவார்கள்.

பலகாரத்தில் அச்சிட்ட தாள் படவே கூடாது. வாழையிலையையோ எண்ணெய்த்தாளையோ உள்ளே விரித்த பனையோலைக் குட்டான் ஒன்றில் வைத்துக் கொடுத்தால் மேலே கடதாசியே தேவையில்லை.

ஸ்டேப்ளர் முள்

அடிக்காதீர்கள். பிரிப்பது பெரும்பாலும் குழந்தையின் கை.

மாரியில் தண்ணீர்ப் பசை

திருகோணமலையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்கிறது. ஆசிரியர் தினம், தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் எல்லாம் இந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கடதாசி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதில் தண்ணீர்ப் பசையைப் பூசினால் நார்கள் ஊதி, காயும்போது ஒழுங்கில்லாமல் சுருங்கி, மேற்பரப்பு முழுவதும் அலை அலையாகிவிடும். வீட்டில் காய்ச்சிய கோதுமை மாப் பசை செலவில்லாததுதான். ஆனால் ஓரிரவு வெளியே வைத்தால் கரப்பான் பூச்சி ஓரத்தை அரித்துவிடும். இருபக்கமும் ஒட்டும் டேப் ஒரு சுருள் வாங்கினால், மடிப்பின் உட்பக்கத்தில் சிறு துண்டுகளாக வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தலாம்.

ஜனவரியில் கொப்பிகளுக்கு உறை போட்ட பின் மிஞ்சும் பிரவுண் பேப்பர்தான் என் கணக்கில் மிகச் சிறந்த மலிவுத் தாள். வெண்டைக்காயைக் குறுக்காக வெட்டி, போஸ்டர் கலரில் தொட்டுக் குத்தினால் ஐந்திதழ்ப் பூ விழும். இதைப் பெட்டியைச் சுற்றிய பிறகு செய்கிறவர்களைப் பார்க்கிறேன். மூலையில் பூ பாதிதான் விழும். நிறமும் காயாமல் கையில் ஒட்டும். தட்டையாக விரித்த தாளில் குத்தி, ஓரிரவு மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, மறுநாள் சுற்றுங்கள். அப்போதும் அந்த நிறம் மழைக்கு நிற்காது. மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து கொண்டுபோக வேண்டியிருந்தால், பொதியைப் பொலித்தீன் பைக்குள் இட்டு வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய், வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய அலங்காரம்

சிப்பியும் சோகியும் காசில்லாமல் கிடைப்பதால் அவற்றைப் பொதிமேல் ஒட்டும் ஆசை இங்கே பலருக்கு உண்டு. கடலிலிருந்து வந்த சிப்பியில் உப்பு இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். கடதாசியில் வட்டமாகக் கறை விழும். உள்ளே உயிரினத்தின் எச்சம் இருந்தால் பரிசு மேசையைச் சுற்றி எல்லோரும் மூக்கைச் சுளிப்பார்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பல தடவை கழுவி, வெயிலில் உலர்த்திய பின்பே அதைத் தொட வேண்டும்.

பவளத் துண்டுகளை எடுக்கவே வேண்டாம். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கிருந்து பவளத்தையோ சிப்பியையோ கொண்டுவருவது சட்டப்படி குற்றம். ஒரு பிறந்தநாள் பொதிக்காக அதைச் செய்ய வேண்டுமா?

கறுப்பு ரிபன்

படத்தில் எடுப்பாக இருக்கும். கலியாண வீட்டுக்கு வேண்டாம். குருத்தோலைப் பின்னலும் அப்படியே: மங்கலத்துக்கு ஒரு வகை, அமங்கலத்துக்கு வேறு வகை. முறை தெரிந்தவர் பின்னித் தராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சவர்க்காரம் வந்த பெட்டி

பலசரக்குக் கடைக்காரர் சும்மா தருவார். மணமும் சேர்ந்து வரும். பிஸ்கட் வந்த பெட்டியைக் கேளுங்கள். தட்டித் துடைத்து, எறும்பு இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டையான துணி

சதுரத் துணியில் பரிசைக் கட்டிக் கொடுப்பது ஜப்பானியரின் பழைய வழக்கம், ஃபுரோஷிகி என்பார்கள். வீசியெறியும் பைகளைக் குறைப்பதற்காக 2006இல் அந்நாட்டுச் சுற்றாடல் அமைச்சே அதை மீண்டும் முன்னிறுத்தியது. எங்களுக்கும் இது புதிதல்ல. சால்வை முனையில் முடிந்து கொண்டுபோன தலைமுறை நம்முடையது. மருதமுனைக் கைத்தறித் துணியின் வெட்டுத்துண்டோ, தையற்கடையில் மிஞ்சிய பருத்தித் துணியோ கிடைத்தால், துணியும் பரிசின் ஒரு பங்காகிவிடும். குத்துவிளக்கு, பந்து, தேநீர்க் கோப்பைகள் போன்ற, கடதாசிக்கு அடங்காத பொருள்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பிழை அளவில் நேர்கிறது. துணியின் மூலைவிட்டம் பொருளின் மிக நீண்ட பக்கத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். 20 செ.மீ. பெட்டிக்கு 43 செ.மீ. சதுரத் துணி சரிக்குச் சரி, 50 செ.மீ. என்றால் முடிச்சுக்கு முனை தாராளமாக நிற்கும். சாயம் போகும் புதுத் துணியை ஒருமுறை அலசாமல் பயன்படுத்தினால் மழைத்துளி பட்ட இடத்தில் சாயம் உள்ளே இறங்கும். சற்றீன் போன்ற வழுக்கும் துணியில் முடிச்சு நிற்காது. பருத்தியிலும் அது அவிழ்ந்துபோகிறதென்றால், இரண்டு தடவையும் ஒரே பக்கமாகக் கட்டியிருப்பீர்கள். முதலில் இடமுனையை வலமுனைக்கு மேலாகவும், இரண்டாவது கட்டில் வலமுனையை இடமுனைக்கு மேலாகவும் கொண்டுபோய் இறுக்குங்கள். முனைகள் இரண்டும் பெட்டியின் பக்கவாட்டில் நேராகப் படுத்தால் கட்டு சரி, மேலும் கீழுமாக விறைத்து நின்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும்.