பழைய சிஎன்சியில் வந்து வந்து போகும் அலாரத்தைப் பிடிப்பது எப்படி

முதலில் எலக்ட்ரானிக் போர்டை மாற்றாதீர்கள். பழைய சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) ஓடிக்கொண்டே இருக்கும்போது அலாரம் அடித்து நின்று, ரீசெட் அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடி, மறுபடி மதியத்துக்கு மேல் நின்றால், பட்டறையில் எல்லோர் வாயிலும் வருவது "போர்டு போச்சு" என்பதுதான். முழுதாகப் போன போர்டு ரீசெட்டுக்கு எழுந்து வராது. விட்டு விட்டு வரும் கோளாறு பெரும்பாலும் கனெக்டர், கேபிள், பவர் சப்ளை, எர்த் இந்த நாலில் ஒன்றில்தான் இருக்கும். நம்ம குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, மீதி நாளெல்லாம் கடற்காற்று. குளச்சல், சின்னமுட்டம் பக்கம் படகு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைகிற பட்டறைகளில் பேனல் கதவைத் திறந்தாலே செம்பு முனைகளில் களிம்பு தெரியும். கோணம் தொழிற்பேட்டையில் இருப்பவர்களும் ஈரத்துக்குத் தப்ப முடியாது.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் மெஷின் மேல் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அலாரம் எண், நேரம், எந்த ஆக்ஸிஸ் (டூல் நகரும் அச்சு, எக்ஸா இசட்டா) எந்த இடத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, மெஷினைப் போட்டு எவ்வளவு நேரம் ஆனது, வெளியே மழையா வெயிலா, அந்த நொடியில் பக்கத்தில் என்ன ஆன் ஆனது (கூலன்ட் பம்ப், கம்ப்ரசர், வெல்டிங் செட்), எல்லாவற்றையும் ஆபரேட்டர் எழுத வேண்டும், "சும்மா நின்னுது" என்று மட்டும் எழுதினால் போதாது. இந்தக் கோளாறு தோன்றின நேரத்துக்கு வருவது போலத் தெரியும், ஆனால் அதற்கென்று ஒரு சூழ்நிலை உண்டு, அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. காலையில் போட்டதும் தொல்லை கொடுத்து, கொஞ்சம் சூடேறியதும் சரியானால் ஈரம். நன்றாக ஓடி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தால் சூடு, அதாவது கெப்பாசிட்டர், ஃபேன், விரிசல் விட்ட சால்டர். எக்ஸ் ஆக்ஸிஸ் ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் அடித்தால் கேபிள். கம்ப்ரசர் கட்-இன் ஆகும்போது வந்தால் வோல்டேஜ் இறக்கமோ நாய்ஸோ (வயரில் புகும் மின் இரைச்சல்).

அடுத்தது பேக்கப். பாராமீட்டர் (மெஷினின் செட்டிங் எண்கள்), லேடர் (ஸ்விட்சு, ரிலேக்களை இயக்கும் புரோகிராம்), ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) எல்லாவற்றையும் ஆர்எஸ் 232 சீரியல் போர்ட் வழியாக எடுத்துவிடுங்கள், அது முடியவில்லை என்றால் ஸ்கிரீனை ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுங்கள். ஃபானுக் 0 சீரிஸ் கண்ட்ரோலில் மெமரிக்கு மூன்று பெரிய டி சைஸ் அல்கலைன் செல், மொத்தம் 4.5 வோல்ட். ஸ்கிரீனில் 'பேட்' என்று மின்ன ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள், மாற்றும்போது கண்ட்ரோல் ஆனில் இருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டுச் செல்லைக் கழற்றினால் பாராமீட்டர் போய்விடும், அப்புறம் அதைத் திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் வேலை கொடுத்த பார்ட்டி வேறு பட்டறைக்குப் போய்விடுவார்.

அலாரம் எண்ணைக் காரணம் என்று நினைக்காதீர்கள். அதே 0 சீரிஸில் 401 வந்தால் டிரைவின் (ஆக்ஸிஸ் மோட்டாரை ஓட்டும் யூனிட்டின்) ரெடி சிக்னல் விழுந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் விழுந்தது என்று அது சொல்லாது. எமர்ஜென்சி ஸ்டாப் சர்க்யூட் வரிசையில் ஒரு லிமிட் ஸ்விட்சுக்குள் கூலன்ட் இறங்கியிருக்கலாம், காண்டாக்டர் காயில் பிடிக்காமல் நடுங்கலாம், கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் டெர்மினல் லூஸாக இருக்கலாம். ஸ்கிரீனில் ஸ்விட்சுகளின் நிலையை 0, 1 என்று காட்டும் டயக்னாஸ்டிக் பக்கத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு லிமிட் ஸ்விட்சையும் பிரஷர் ஸ்விட்சையும் அதன் வயரையும் மரக்கட்டையால் மெல்லத் தட்டச் சொல்லி, 0-1 எது துள்ளுகிறது என்று பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை, பலரும் செய்வதில்லை.

பவர் சப்ளையை அளக்கும்போது சப்ளை முனையில் அளந்து திருப்திப்படாதீர்கள், போர்டின் மேலேயே அளக்க வேண்டும். பழைய டிடிஎல் ரக 5 வோல்ட் ஐசிக்களுக்கு 4.75-லிருந்து 5.25 வோல்ட் வரைதான் கணக்கு. சப்ளையில் 5.0 காட்டி, களிம்பு பிடித்த கனெக்டரைத் தாண்டி போர்டில் 4.7 வந்தால் அலாரம் தானாக வரும். நொடிக்கும் குறைவான இறக்கத்தை மல்டிமீட்டர் காட்டாது, ஆசிலோஸ்கோப் இரவல் வாங்கியாவது 5 வோல்ட், 24 வோல்ட் இரண்டின் ரிப்பிளையும் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சூட்டில் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், எண்பதுகளில் தொண்ணூறுகளில் வந்த மெஷினில் அது இன்னும் ஒரிஜினலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், 105 டிகிரி லோ-ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) ரகமாகப் பார்த்து மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

கேபிள்தான் எனக்கு முதல் சந்தேகம். கேபிள் செயினுக்குள் வருஷக்கணக்கில் மடங்கி நிமிர்ந்த என்கோடர் (மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார்) கேபிளில், உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். பவரை ஆஃப் செய்து இரண்டு முனையையும் கழற்றுங்கள். இழைகளை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி ஜோடி சேர்த்து, எல்லாம் ஒரே நீள வயராகும்படி இணைத்துக்கொண்டு, முள் மீட்டரில் ஓம் வைத்து செயினைக் கையால் அங்குலம் அங்குலமாக மடக்குங்கள். முள் எங்கே துள்ளுகிறதோ அங்கே அறுந்திருக்கிறது. டிஜிட்டல் மீட்டரின் பீப் சின்ன முறிவைத் தவறவிடும். மெக்கரை (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) மட்டும் போர்டு இணைந்திருக்கும்போது போட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஐசி எல்லாம் போய்விடும்.

கனெக்டரில் உப்புத்தாள் போடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முனையின் மேல் பூச்சு மெல்லியது, தேய்த்தால் போயே போய்விடும், அடுத்த மழைக்கு இன்னும் வேகமாகக் களிம்பு ஏறும். எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் அல்லது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ், காய்ந்ததும் நாலைந்து முறை செருகி எடுத்தல், இவ்வளவுதான். சாக்கெட்டில் இருக்கும் ஐசிக்கள் சூடாகி ஆறி ஆறி மேலே எழும்பியிருக்கும், கையில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு அழுத்தி உட்கார வையுங்கள்.

நாய்ஸ் சந்தேகம் என்றால் காண்டாக்டர், சோலனாய்டு காயில்களைப் பாருங்கள். காயில் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் உதறலை அடக்க, டிசி காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு, ஏசி காயிலுக்கு 0.1 மைக்ரோஃபாரட்டும் 100 ஓமும் சேர்ந்த ஸ்பார்க் கில்லர். காண்டாக்டர் மாற்றும்போது இதைத் திரும்பப் போட மறந்தவர்கள் நிறைய. எர்த் குழியும் பங்குனி சித்திரையில் காய்ந்திருக்கும், தண்ணீர் ஊற்றிய பிறகு அலாரம் குறைந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேனல் கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது உப்பு, எண்ணெய்ப் புகை, இரும்புத்தூள் மூன்றையும் ஊதி போர்டு மேல் படிய வைக்கிறது. உள் ஃபேனை மாற்றி, ஃபில்டரைக் கழுவி, கதவின் ரப்பரைப் புதிதாகப் போட்டு, மழைக்காலத்தில் ராத்திரி தெர்மோஸ்டாட் உள்ள சின்ன பேனல் ஹீட்டர் ஓட விடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் வந்தால்தான் போர்டு. எக்ஸும் இசட்டும் ஒரே மாடல் டிரைவ் என்றால், செட்டிங் ஸ்விட்சுகளை போட்டோ எடுத்து மாற்றிப் போடுங்கள், அலாரம் டிரைவோடு போகிறதா ஆக்ஸிஸோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஆஃப் செய்தாலும் டிரைவின் பெரிய கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு மின்சாரம் நிற்கும், சார்ஜ் விளக்கு அணைந்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

போர்டில் எந்தப் பகுதி என்று பார்க்க, ஹேர் டிரையரால் ஒரு பக்கமாகச் சூடு கொடுத்து, அலாரம் வந்ததும் ஃப்ரீஸ் ஸ்ப்ரேயால் ஒவ்வொரு பாகமாகக் குளிர வையுங்கள். எதைக் குளிர வைத்ததும் ரீசெட்டுக்கு மெஷின் நிற்காமல் ஓடுகிறதோ அதுதான். சரி செய்த பிறகும் அதே சூட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், முன்பு வரவழைக்க முடிந்த அலாரம் இப்போது வராவிட்டால்தான் கணக்கை முடிக்கலாம். கோயம்புத்தூருக்கு ரிப்பேருக்கு அனுப்புவதாக இருந்தால் ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, அந்த நோட்டுப் பக்கங்களின் நகலையும் உள்ளே வையுங்கள், அங்கே மேசையில் வைத்துச் சோதிக்கும்போது நன்றாக ஓடுகிறது என்று திருப்பி அனுப்பிவிடாமல் இருக்க அதுதான் வழி.