லஷெச்னிக்கோவை படிக்கணும்னா பனி வீட்டுல இருந்து ஆரம்பிங்க

ரஷ்ய நாவல்னு சொன்னதும் எல்லாரும் நேரா டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கின்னு போயிடுறாங்க. அவங்களுக்கு முன்னாடியே, 1830கள்ல, சரித்திர நாவல் எழுதி பேர் வாங்கினவர் இவான் லஷெச்னிக்கோவ். 1792ல கொலோம்னாவுல ஒரு வியாபாரி வீட்டுல பொறந்தவர். 1812ல நெப்போலியன் படையெடுத்து வந்தப்ப வீட்டுல போகக்கூடாதுன்னு சொல்லியும் கேக்காம ஓடிப்போய் பட்டாளத்துல சேர்ந்து பாரிஸ் வரைக்கும் போனவர். இவரை எப்படி படிச்சா ருசிக்கும்னு நான் கத்துக்கிட்டதை சொல்றேன்.

முதல் நாவல்தானே, அதுல இருந்தே வரிசையா போவோம்னு 'கடைசி நோவிக்'க எடுக்காதீங்க. அது ரஷ்ய மன்னர் பீட்டர் ஸ்வீடனோட போட்ட சண்டையப் பத்தி, பால்டிக் கடலோரத்துல இருந்த லிவோனியாவுல நடக்குற கதை, ஆளுங்க ஜாஸ்தி, கிளைக்கதை ஜாஸ்தி, புதுசா வர்றவங்க பாதியில விட்டுடுவாங்க. 1835ல வந்த 'பனி வீடு'தான் சரியான வாசல்.

புக்கை திறக்குறதுக்கு முன்னாடி மூணு பேரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ரஷ்ய மகாராணி ஆன்னா, அவங்களுக்கு வேண்டப்பட்டவரா கூர்லாந்துல (இன்னைக்கு லாட்வியாவுல இருக்குற பகுதி) இருந்து வந்து ஆட்சியையே கையில வச்சிருந்த பீரோன், அவரை எதிர்த்த மந்திரி வொலின்ஸ்கி. வருஷம் 1740. நாவல்ல வொலின்ஸ்கியை ஒரு இடத்துல ஆர்த்தெமி பெத்ரோவிச்னு கூப்பிடுவாங்க, இன்னொரு இடத்துல குடும்பப் பேர் மட்டும் வரும், ரெண்டும் ஒரே ஆள்தான், ஒரு துண்டுச்சீட்டுல எழுதி புக்குக்குள்ள வச்சுக்கிட்டா குழப்பம் இல்ல.

அடுத்து அந்த வீடு. அது கற்பனைன்னு நினைச்சு படிச்சா பாதி சுவை போயிடும், ஏன்னா அது நிஜமாவே இருந்துச்சு! பீட்டர்ஸ்பர்க்ல நேவா ஆத்து ஐஸை பாளம் பாளமா வெட்டி அடுக்கி, நடுவுல தண்ணிய ஊத்தினா அதுவே உறைஞ்சு சாந்து மாதிரி புடிச்சுக்கும், அப்படி கட்டினது. நீளம் சுமார் 17 மீட்டர், உயரம் 6 மீட்டருக்கு மேல. உள்ள கட்டில், தலகாணி, மேஜை மேல சீட்டுக்கட்டு எல்லாமே ஐஸ்தான். வாசல்ல ஐஸ் பீரங்கி, அதுல மருந்து போட்டு வெடிச்சாங்க. பக்கத்துல ஒரு ஐஸ் யானை, பகல்ல தும்பிக்கையில இருந்து தண்ணி பீச்சும், ராத்திரியானா எரியுற எண்ணெய். இத்தனையும் எதுக்குன்னா, அரண்மனையில கோமாளியா ஆக்கப்பட்ட கோலிட்சின்ங்கிற பிரபுவுக்கும் புஷெனினோவாங்கிற வேலைக்காரப் பொண்ணுக்கும் கேலிக் கல்யாணம் பண்ணி, ராத்திரி முழுக்க அந்த ஐஸ் ரூமுக்குள்ள அடைச்சு வைக்கிறதுக்கு. இதை தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனீங்கன்னா ஒவ்வொரு அத்தியாயத்துலயும் குளிர் எலும்புக்குள்ள ஏறும். பீரோன் மேல புகார் கொண்டு வந்த ஒரு உக்ரைன்காரர் மேல தண்ணிய ஊத்தி ஊத்தி உயிரோட ஐஸ் சிலையா ஆக்குற காட்சி ஒண்ணு வருது, அங்க கொஞ்சம் நின்னு படிங்க.

முதல் தடவை கதைக்காக மட்டும் படிங்க, எதையும் நோண்டாதீங்க. ரெண்டாவது தடவை பென்சிலோட உக்காந்து, நடந்தது எது, இவரா கட்டினது எதுன்னு ஓரத்துல குறிச்சுக்கிட்டே போங்க. வொலின்ஸ்கி காதலிக்கிற மால்டேவிய இளவரசி மரியோரித்சா இவரோட கற்பனை. கல்யாணத்துலயும் நிஜ கோலிட்சின் இல்ல, குல்கோவ்ஸ்கின்னு வேற ஒரு கோமாளிய மாப்பிள்ளையாக்கியிருக்காரு. வொலின்ஸ்கி நாட்டுக்காக உயிரை விடுற வீரனா வர்றாரு, 1740 ஜூன்ல அவர் தலைய வெட்டினது உண்மை, ஆனா நிஜ மனுஷன் அவ்வளவு சுத்தமானவர் இல்ல. அந்த கோமாளி கல்யாணத்துக்கு பாட்டு எழுத வரவழைச்ச கவிஞர் த்ரெதியாக்கோவ்ஸ்கியை அடி அடின்னு அடிச்சது இதே வொலின்ஸ்கிதான். நாவல்ல பாருங்க, அடி வாங்கின கவிஞர்தான் கேலிப்பொருள். ரஷ்யக் கவிதைக்கு யாப்பு இலக்கணம் எழுதிக் கொடுத்த மனுஷன் அவர், எனக்கு இந்த இடம் இன்னைக்கும் மனசு ஆறல.

வொலின்ஸ்கி ஏன் இப்படி வீரனா வர்றாருன்னு புரியணும்னா 1740ஐ மட்டும் பாத்தா போதாது, எழுதின காலத்தையும் பாக்கணும். மன்னராட்சிய எதிர்த்து கலகம் பண்ணி 1826ல தூக்குல போடப்பட்ட கவிஞர் ரிலேயெவ் ஏற்கனவே வொலின்ஸ்கியை தியாகியா வச்சு ஒரு கவிதை எழுதியிருந்தார். நாவல் வந்தப்பவும் அவரை தூக்குல போட்ட அதே முதலாம் நிக்கோலாய் ஆட்சிதான், தணிக்கை கடுமை. அந்த நேரத்துல சர்வாதிகாரிய எதிர்க்கிற மந்திரின்னா வாசகன் யாரை நினைச்சிருப்பான்னு யோசிச்சுக்கிட்டே படிங்க. சரித்திர நாவல்காரன் தேதிய விட சரித்திரத்தோட கவிதையத்தான் பின்தொடரணும்னு லஷெச்னிக்கோவே 'பசுர்மான்'ங்கிற தன்னோட அடுத்த நாவல் முன்னுரையில சொல்றாரு.

நாவல் முடிஞ்ச கையோட 1835 நவம்பர்ல பெரிய ரஷ்யக் கவிஞர் புஷ்கின் இவருக்கு எழுதின கடிதத்தை படிச்சே ஆகணும், சின்னதுதான். ரஷ்ய மொழி மறக்கப்படாத வரைக்கும் உங்க நாவலோட பல பக்கங்கள் வாழும்னு மனசார பாராட்டிட்டு, த்ரெதியாக்கோவ்ஸ்கி விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்காம, மரியாதைக்குரிய ஒரு மனுஷனை நீங்க அவமானப்படுத்திட்டீங்க, அந்த சம்பவத்துல அவர் தியாகின்னு எழுதுறாரு. லஷெச்னிக்கோவ் பதில் எழுதினாரு, ஒத்துக்கல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சிட்டு உங்க பென்சில் குறிப்புகளுக்கு ஒரு தடவை திரும்பி வாங்க, நிறைய இடத்துல மாத்தி எழுதுவீங்க.

அப்புறம் 'பசுர்மான்' (1838), மூணாம் இவான் காலத்து மாஸ்கோவுக்கு வந்து மாட்டிக்கிற ஒரு ஜெர்மன் டாக்டர் கதை. 'கடைசி நோவிக்'க அதுக்கப்புறம் எடுத்துக்கலாம். நடுவுல புஷ்கினோட தனக்கிருந்த பழக்கத்தைப் பத்தி இவர் எழுதின நினைவுக்குறிப்பு கிடைச்சா விடாதீங்க. 1819ல ஒரு மேஜரோட துப்பாக்கிச் சண்டைக்கு தயாரா காலையில வந்து நின்ன சின்னப்பையன் புஷ்கினைப் பாத்து, மேஜர்கிட்ட பேசி மன்னிப்பு கேக்க வச்சு சண்டைய நிறுத்தினது லஷெச்னிக்கோவ்தான், அந்த காலை நேரத்தை அவரே சொல்றாரு.