ரூக்கி கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி? முதல் நான்கு ஆட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். சீசன் செப்டம்பரில் தொடங்கும். மாதம் முடிவதற்குள் அந்த ஆண்டு அறிமுகமான ரூக்கி கார்னர்பேக்குகளைப் பற்றித் தீர்ப்பு வந்துவிடும். ஒரு நீளமான பாஸ் தலைக்கு மேலே போய் டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்) ஆனால் "இவர் தேறமாட்டார்". எதிரணி எறிந்த பந்தைத் தானே பிடித்து ஒரு இன்டர்செப்ஷன் எடுத்தால் "அடுத்த ஸ்டார் இவர்தான்". இரண்டுமே அவசர முடிவு. கார்னர்பேக் செய்யும் வேலையில் பெரும்பகுதி, பந்து அவர் பக்கமே வராத நேரத்தில் நடக்கிறது. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் நாலு ஆட்டத்திலேயே ஒரு ரூக்கியைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

அமெரிக்க ஃபுட்பாலுக்கே புதியவர் என்றால் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குவாட்டர்பேக் பந்தை எறிவார், வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். அந்த ரிசீவரைப் பிடிக்கவிடாமல் தடுப்பதுதான் கார்னர்பேக்கின் தலையாய வேலை. ரிசீவருக்குத் தான் எங்கே ஓடப்போகிறோம் என்று முன்பே தெரியும், கார்னருக்குத் தெரியாது. பந்து ஆட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு முறையையும் ஸ்னாப் என்பார்கள்.

படி 1: எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்

முதல் பத்து ஸ்னாப்பில் வேறு எதையும் பார்க்க வேண்டாம். அவர் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறாரா, உள்ளே, ஓர ரிசீவருக்கும் நடு வரிசைக்கும் இடைப்பட்ட ஸ்லாட்டில் நிற்கிறாரா? எப்போதும் ஒரே பக்கமா, எதிரணியின் சிறந்த ரிசீவர் போகும் பக்கமெல்லாம் கூடவே போகிறாரா? ஸ்லாட்டில் நிற்பவருக்கு ஓரக்கோடு துணைக்கு இல்லை. ரிசீவர் இரண்டு பக்கமும் திரும்பலாம். ஆகவே ஓரத்தில் நிற்பவரின் எண்களையும் ஸ்லாட்டில் நிற்பவரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 2024-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இரண்டு ரூக்கி கார்னர்களை ஆடவைத்தது. டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த குவின்யன் மிட்செல் ஓரத்தில், இரண்டாம் சுற்றில் எடுத்த கூப்பர் டிஜீன் ஸ்லாட்டில். இருவரும் நன்றாகவே ஆடினார்கள், ஆனால் இருவர் செய்ததும் வேறு வேறு வேலை.

படி 2: மேனா, சோனா?

மேன் கவரேஜ் என்றால் ஒரு ரிசீவரை விடாமல் பின்தொடர வேண்டும். சோன் கவரேஜ் என்றால் மைதானத்தில் ஒரு பகுதியைக் காக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, கார்னரின் கண்கள். ரிசீவரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே ஓடினால் பெரும்பாலும் மேன். ஓரக்கோட்டுக்கு முதுகைக் காட்டி குவாட்டர்பேக்கைப் பார்த்தபடி பின்வாங்கினால் சோன். ஸ்னாப்புக்கு முன் ஒரு ரிசீவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகரும்போது ஒரு தடுப்பாளர் அவர் பின்னாலேயே போனால், அதுவும் மேனுக்கான அடையாளம்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு டெரெக் ஸ்டிங்லி ஜூனியர் நல்ல சாட்சி. 2022 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக ஹூஸ்டன் டெக்சன்ஸ் அவரை எடுத்தது. கல்லூரியில் மேன் கவரேஜில் பேர் வாங்கியவர். ஹூஸ்டனில் அப்போது தலைமைப் பயிற்சியாளர் லவி ஸ்மித், சோனை நம்பும் மனிதர். காயமும் சேர்ந்துகொள்ள, முதல் ஆண்டில் 9 ஆட்டம், 1 இன்டர்செப்ஷன். அவருக்கு அடுத்து நான்காவதாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்த சாஸ் கார்ட்னரோ அதே ஆண்டு சிறந்த ரூக்கி தடுப்பாளர் விருதை வாங்கிவிட்டார். டெக்சன்ஸ் தப்பான ஆளை எடுத்துவிட்டது என்று பேசாத ஆள் இல்லை. அடுத்த ஆண்டு பயிற்சியாளர் மாறினார்; ஸ்டிங்லி 11 ஆட்டத்தில் 5 இன்டர்செப்ஷன் பிடித்தார். 2024-இல் ஆல்-ப்ரோ (ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம். முதல் ஆண்டில் அவர் எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

படி 3: குவாட்டர்பேக்கின் கை உயரும்போது வீடியோவை நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

டிவி ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னால்தான் போகும். ஸ்னாப் ஆன இரண்டாவது நொடியில் கார்னர் திரையை விட்டு வெளியே போய்விடுவார். அதனால் உங்களுக்கு வேண்டியது 22 வீரர்களும் ஒரே சட்டகத்தில் தெரியும் ஆல்-22 வீடியோ. பயிற்சியாளர்கள் பார்ப்பது அதைத்தான். என்.எஃப்.எல்.-இன் சொந்தச் சந்தா சேவையில் ரசிகர்களுக்கும் கிடைக்கிறது.

ஒவ்வொரு பாஸ் ஸ்னாப்பிலும் குவாட்டர்பேக் எறிவதற்குக் கையைத் தூக்கும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். பந்து எந்தப் பக்கம் போனாலும் சரி, உங்கள் கார்னரை மட்டும் பாருங்கள். ரிசீவரோடு ஒட்டி இருக்கிறாரா, ஒரு கை தூரத்தில் இருக்கிறாரா, ரிசீவர் திறந்துகிடக்கிறாரா? நோட்டில் 'ஒட்டி', 'கை தூரம்', 'திறந்து' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மேன் ஸ்னாப்புகளுக்கு இது நேராகப் பொருந்தும். சோனில், தன் பகுதிக்குள் வந்த ரிசீவரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரு ஆட்டத்தில் ஓரக் கார்னரை நோக்கி எறியப்படும் பந்துகள் பெரும்பாலும் ஐந்தாறுதான். அவர் கவரேஜில் நிற்கும் ஸ்னாப்புகளோ முப்பதைத் தாண்டும். நாலு ஆட்டம் சேர்ந்தால் ஒரு பக்கம் இருபது சொச்சம் பந்து, இன்னொரு பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்னாப். எது நம்பத்தக்கது? கிரிக்கெட்டில் நாலு இன்னிங்ஸின் ரன்னை மட்டும் வைத்து ஒரு பேட்ஸ்மேனை முடிவு கட்டாமல், அவர் கால் நகர்வதையும் பந்தை விடுவதையும் பார்ப்போம் அல்லவா, அதே நியாயம்தான்.

நிறுத்திப் பார்த்த பிறகு வீடியோவைப் பின்னால் ஓட்டி, தோற்ற ஸ்னாப்புகளில் எங்கே தோற்றார் என்று தேடுங்கள். மூன்று இடங்களில் நடக்கலாம். ஒன்று, ஆரம்பத்திலேயே: பிரஸ்ஸில் முகத்துக்கு முகம் நின்று கையை நீட்டும்போது ரிசீவர் ஏமாற்றிவிட்டுப் போவது. இரண்டு, நடுவில்: ரிசீவர் சட்டென்று வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போது கார்னரின் இடுப்பு கூடவே திரும்பாமல் இரண்டு அடி கூடுதலாக ஓடிவிடுவது. மூன்று, கடைசியில்: ஒட்டியே ஓடி வந்தும் பந்தைத் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடுவது. முதலாவதும் மூன்றாவதும் பயிற்சியில் பெரும்பாலும் சரியாகும். இடுப்பு திரும்பாதது எனக்குக் கவலை தரும், வேகம் போதாதது அதைவிடக் கவலை தரும். வேகத்தைச் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

படி 4: தவறு யாருடையது?

கவர் 3 என்ற சோனில் ஓரக் கார்னரின் பொறுப்பு ஆழமான மூன்றில் ஒரு பங்கு. அவருக்கு முன்னால் எட்டு யார்டில் ஒரு பாஸ் பிடிபட்டால், "பாருங்கள், பத்தடி தள்ளி நிற்கிறார்" என்று திட்டுவார்கள். அவரை அங்கே நிற்கச் சொன்னதே பயிற்சியாளர்தான். கவர் 2-இல் நேர்மாறு: கார்னர் அருகிலுள்ள ஓரப்பகுதியைக் காப்பார், பின்னால் ஆழம் சேஃப்டி என்ற பின்வரிசைத் தடுப்பாளரின் பொறுப்பு. ரிசீவர் கார்னரைத் தாண்டி ஓடி நீளமாகப் பிடித்தால் கேமராவுக்கு முதலில் தெரிவது கார்னரின் முதுகுதான், ஆனால் தாமதமாக வந்தவர் சேஃப்டி. பந்து பிடிபட்டதும் இரண்டு தடுப்பாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கைவிரித்தால், யார் பொறுப்பு என்று அவர்களுக்கே குழப்பம். அத்தகைய ஸ்னாப்பின் எதிரே நோட்டில் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி போடத் துணியாதவருடைய மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

படி 5: எண்களை இப்போது எடுங்கள், இதற்கு முன் வேண்டாம்

இன்டர்செப்ஷனுக்கு எல்லாரும் கொடுக்கும் மதிப்பில் கால்வாசி கொடுத்தால் போதும். 2021-இல் டாலஸ் கௌபாய்ஸின் ட்ரெவான் டிக்ஸ் 11 இன்டர்செப்ஷன் பிடித்தார், லீகிலேயே அதிகம். அதே சீசனில் அவர் கவரேஜில் எதிரணிகள் ஆயிரம் யார்டுக்கு மேல் எடுத்ததாக ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ் நிறுவனம் கணக்கு சொன்னது. மறுபக்கம், குவின்யன் மிட்செல் ரூக்கி ஆண்டின் வழக்கமான சீசன் முழுவதும் ஒரு இன்டர்செப்ஷன்கூடப் பிடிக்கவில்லை. ஈகிள்ஸ் அந்த சீசனின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றது, அவர் ஓரத்தில் தூணாக நின்றார். கார்ட்னரின் ரூக்கி ஆண்டிலும் இன்டர்செப்ஷன் வெறும் 2. ஆனால் தட்டிவிட்ட பாஸ்கள் 20, அந்த ஆண்டு லீகில் யாருக்கும் அவ்வளவு இல்லை. 1981-இல் ரானி லாட்டுக்குப் பிறகு ஒரு ரூக்கி கார்னர் ஆல்-ப்ரோ முதல் அணிக்குத் தேர்வானது அப்போதுதான்.

தட்டிவிட்ட பாஸ்கள் எனக்குப் பிடித்த எண், பந்து வரும் இடத்தில் அவர் இருந்தார் என்பதற்கு அது சாட்சி. அதற்கு அடுத்து, கவரேஜ் ஸ்னாப்புக்கு எத்தனை யார்டு விட்டார் என்பது. 35 ஸ்னாப்பில் 70 யார்டு விட்டால் ஸ்னாப்புக்கு 2 யார்டு, அது மோசம். 1 யார்டுக்குக் கீழே இருந்தால் நல்ல ஆட்டம். பந்தே வராத ஸ்னாப்புகளுக்கும் இதில் மதிப்பு கிடைக்கிறது என்பதுதான் இதன் அழகு.

'எதிர்த்த குவாட்டர்பேக்குகளின் பாஸர் ரேட்டிங்' (பாஸ் எறிந்ததற்கான மதிப்பெண், குறைந்தால் கார்னருக்கு நல்லது) என்று ஒரு எண் அடிக்கடி கண்ணில் படும். உச்சம் 158.3. ஒரு பாஸ்கூடப் பிடிபடாமல், இன்டர்செப்ஷனும் இல்லாமல் இருந்தால் 39.6. நாலு ஆட்டத்துக்குள் ஒரே ஒரு டச்டவுன் இதைத் தலைகீழாக்கிவிடும், ஆகவே அக்டோபரில் இந்த எண்ணைத் தொடாதீர்கள்.

படி 6: மஞ்சள் கொடிகள்

விதி மீறினால் நடுவர் மஞ்சள் கொடி எறிவார். ரூக்கிகள் முதலில் தடுமாறுவது இங்கேதான், அதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் பந்து காற்றில் வரும்வரை ரிசீவரை ஓரளவு கைவைத்துத் தடுக்கலாம். என்.எஃப்.எல்.-இல் முதல் 5 யார்டோடு சரி. அதைத் தாண்டிக் கை பட்டால் 5 யார்டு அபராதம், கூடவே எதிரணிக்குத் தானாக ஃபர்ஸ்ட் டவுன் (புதிதாக நான்கு முயற்சி). பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் (பந்து காற்றில் வரும்போது ரிசீவரைப் பிடிக்கவிடாமல் இடிப்பது) இன்னும் கொடுமை. கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு. இங்கே தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள், 40 யார்டு தள்ளி நடந்தால் 40 யார்டும் போச்சு.

செப்டம்பரில் கொடி விழுவதைப் பெரிதுபடுத்தாதீர்கள். எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒட்டி ஓடும்போதே பழைய பழக்கத்தில் கை நீண்டால் அது நாளடைவில் குறையும். ரிசீவர் தாண்டிப் போன பிறகு ஜெர்சியைப் பிடித்து இழுத்தால், படி 3-இல் எழுதிய 'திறந்து' கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: எதிரே யார்?

2023 அக்டோபர் 1. வாஷிங்டன் கமாண்டர்ஸின் ரூக்கி இமானுவேல் ஃபோர்ப்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் ஆடினார். டிராஃப்டுக்கு முன் எடை பார்த்தபோது 166 பவுண்டு இருந்தவர். எதிரே ஏ.ஜே. பிரவுன், 220 பவுண்டுக்கு மேல். அன்று பிரவுன் 9 கேட்ச், 175 யார்டு, 2 டச்டவுன். எல்லாமே ஃபோர்ப்ஸ் மேல் எடுத்தவை அல்ல, ஆனால் பழி அவர்மேல்தான் விழுந்தது. நான்கே நாள் கழித்து சிகாகோவுக்கு எதிராக ஆட்டத்தின் நடுவிலேயே அவரை உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த சீசன் முடியும் முன்பே அணியை விட்டும் அனுப்பிவிட்டார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

இப்படி ஒரு நாளைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: அவர் இடம் தவறி நின்று தோற்றாரா, சரியான இடத்தில் நின்றும் பலத்தில் தோற்றாரா? பலம் காரணம் என்றால் எல்லா ரிசீவரிடமும் அது நடக்காது, பெரிய உடம்புக்காரர்களிடம் மட்டும் நடக்கும். அப்போது குறை வீரரிடம் மட்டும் இல்லை, அந்த ஜோடியை மாற்றாமல் விட்ட பயிற்சியாளரிடமும் இருக்கிறது.

சொந்த அணியின் பாஸ் ரஷ்ஷையும் (எதிரணிக் குவாட்டர்பேக்கை நெருக்கி விரட்டுவது) பாருங்கள். குவாட்டர்பேக்குக்கு நாலு நொடி கிடைத்தால் உலகத்தில் எந்தக் கார்னராலும் ஒட்டியே இருக்க முடியாது. மூன்று நொடிக்கு மேல் நீண்ட ஸ்னாப்புகளை நோட்டில் தனியாகக் குறித்துவிடுங்கள்.

டாக்கிளிங் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) பற்றிச் சுருக்கமாக: தப்பவிட்டதை எண்ணுங்கள், அதோடு ஓட்ட ஆட்டத்தில் பெரிய பிளாக்கரைக் கண்டு ஒதுங்குகிறாரா என்றும் கவனியுங்கள். ஒதுங்குபவரைத் தேடி எதிரணி அந்தப் பக்கமே ஓடும்.

படி 8: அதே ரிசீவரோடு இரண்டாம் முறை

என்.எஃப்.எல்.-இல் ஒவ்வொரு அணியும் தன் டிவிஷனில் உள்ள மூன்று அணிகளோடு தலா இரண்டு முறை மோதும். ரூக்கியை அளக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. முதல் முறை ரிசீவர் ஓடும் எந்தப் பாதையில், அதாவது எந்த ரூட்டில், தோற்றாரோ, இரண்டாம் முறை எதிரணி அதையே மறுபடி ஓட்டிப் பார்க்கும். அல்லது அதே ரூட்டைப் பாவனை காட்டிவிட்டு நேராக ஆழத்துக்கு ஓடும். இரண்டு ஆட்டத்து நோட்டுகளையும் எடுத்து, அந்த ஒரு ரூட்டில் 'திறந்து' என்பது 'கை தூரம்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழகிப் பார்க்க 2024 சீசனின் ஈகிள்ஸ், கமாண்டர்ஸ் ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சீசனில் இரண்டு, என்.எஃப்.சி. (லீகின் இரு பாதிகளில் ஒன்று) இறுதிப்போட்டி ஒன்று, ஆக மூன்று. நவம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் கமாண்டர்ஸின் முதன்மை ரிசீவர் டெரி மெக்லாரினுக்குக் கிடைத்தது 1 கேட்ச், 10 யார்டு. மிட்செல் அவருக்கு எதிரே நின்ற ஸ்னாப்புகளை மட்டும் பொறுக்கியெடுத்து, மூன்று ஆட்டத்தையும் வரிசையாக, ஸ்கோரைப் பார்க்காமல், கை உயரும் நொடியில் நிறுத்தி நிறுத்திக் குறியுங்கள்.