நல்ல நாளில்தான் முதுகு போகும்

எதிர்வீட்டுக்குப் போன தை மாதம் குடிவந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு சென்ட் மனை, இரண்டு தென்னை, ஒரு சக்கை (பலா) மரம், கிணற்றடியில் நாலைந்து வாழை. வந்த நாளிலிருந்து மனிதர் கையில் மம்மட்டிதான். போன வாரம் ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். "டீச்சர், நேத்து முழுக்க நல்லாத்தான இருந்தேன். காலையில எழும்பவே முடியல்ல" என்றார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 2015இல் நான் என் மகளிடம் போனில் சொன்னதும் இதேதான்.

எனக்கு வயது 69. முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி இருக்கிறது. அதோடுதான் பன்னிரண்டு சென்ட் தோட்டத்தையும் ஒரு பழைய ஓட்டு வீட்டையும் பார்த்துக்கொள்கிறேன். நாகர்கோவில் பக்கம் வருடத்தில் இரண்டு மழை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. அதனால் புல்லும் இரண்டு தடவை முளைக்கும், சருகோ வருடம் முழுக்க. இங்கே முதுகுவலிக்காரருக்கு லீவு கிடையாது.

"முழங்காலை மடக்கித் தூக்கு", "பாரத்தை உடம்போடு அணைத்துப் பிடி" என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லித்தராமல், நானே விழுந்து எழுந்து தெரிந்துகொண்ட தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எழுந்ததும் முற்றத்தில் இறங்குவது

எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு விடியும் முன் வாசல் தெளித்துக் கோலம் போட்டால்தான் நாள் தொடங்கும். முதுகுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகக்கூட இருப்போம். அந்த உப்பிய வட்டோடு ஆழமாகக் குனிந்தால் பின்பக்கம் அழுத்தம் பலமடங்கு ஏறும். எழுந்து நடமாட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உப்பல் பெருமளவு வடிந்துவிடும்.

ஆகவே காலையில் முதல் ஒரு மணி நேரம் எனக்கு நின்று செய்கிற வேலை மட்டும்தான். காபி போடுவது, பூப் பறிப்பது, ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவது. கோலம் ஏழரை மணிக்கு. முதல் மாதம் பக்கத்து வீட்டு மாமியார் ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் பழகிவிட்டது. வாஷ்பேசினில் வாய் கொப்பளிக்கும்போதும் ஒரு கையை ஊன்றிக்கொள்ளுங்கள். குனிந்த நிலையில் வருகிற ஒரு தும்மல் போதும்.

வலி இல்லாத நாளில் எல்லா வேலையையும் முடிப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

2015 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. அதற்கு முந்தைய மூன்று வாரம் வலியே இல்லை. மழையில் பின்பக்கம் புல் முழங்கால் உயரம் நின்றது. மகளும் பேரனும் வருகிறார்கள். அன்று வெயில் அடித்தது. சரி, இன்றைக்கே முடித்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்கு இறங்கினேன். புல் செதுக்கினேன், தென்னைமட்டையும் கொதும்பும் (காய்ந்த பாளை) இழுத்து ஓரமாக அடுக்கினேன், கிணற்றடிப் பாசியைத் தேய்த்தேன், நாலு செடித்தொட்டியை வெயில் பக்கம் நகர்த்தினேன். பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து, "மீதிய நாளைக்குப் பாக்கலாம்லா" என்றார். "இன்னும் கொஞ்சம்தான், நீங்க உள்ள போங்க" என்று எரிந்து விழுந்தேன். ஒரு மணிக்குத்தான் ஏறினேன். ஒரு பொட்டு வலி இல்லை. குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சுத்தமான முற்றத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்த அந்தப் பத்து நிமிடம் மட்டும் உண்மையிலேயே சுகமாக இருந்தது.

மறுநாள் காலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பில் கால் நுழைக்கப் பார்க்கிறேன், கால் போகவில்லை. செருப்பு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அந்த ஒரு சாண் எட்ட முடியவில்லை. இடது குண்டியிலிருந்து கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு இழுப்பு. தீபாவளிக்கு முறுக்குச் சுடவில்லை, பேரனைத் தூக்கவில்லை. ஸ்கேன், பிசியோதெரபி, ஆட்டோ எல்லாமாக 18,000 ரூபாய்க்கு மேல் போனது. ஏழு வாரம் கழித்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் புல் பழைய உயரத்தில் நிற்கிறது.

ஏன் அன்றே வலிக்கவில்லை என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். மணிக்கணக்கில் குனிந்தே வேலை செய்தால் முதுகைப் பிடித்து நிறுத்துகிற தசைநார்கள் பழைய ரப்பர் பேண்ட் போல நெகிழ்ந்துபோகும், நெகிழ்ந்தது பழையபடி இறுகப் பல மணி நேரம் ஆகும், உள்ளே வீக்கம் கட்டுவது அதற்கும் பிறகுதான் என்றார். உடம்பு சூடாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதாவது வேலை செய்யும்போது வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் அதைத்தான் சாட்சியாக வைத்திருந்தேன்.

ஒரு தடவையோடு திருந்தியிருந்தால் இத்தனை எரிச்சல் வந்திருக்காது. அடுத்த வருடம் சக்கைச் சருகு அள்ளும்போது ஒரு தடவை, 2018இல் வெள்ளையடிப்பதற்கு முன் பரண் ஒதுக்கும்போது ஒரு தடவை. மூன்றும் ஒரே கதை. நல்ல நாள், முழு வேலை, மறுநாள் படுக்கை. படுத்துக்கிடந்த நாட்களில் வேலை சேரும். சேர்ந்ததைப் பார்த்து மனசு பதைக்கும். அடுத்த நல்ல நாளில் இரட்டிப்பாகச் செய்வோம். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒவ்வொரு சுற்றிலும் என்னால் செய்ய முடிகிற வேலை கொஞ்சம் குறைந்ததுதான் மிச்சம்.

இப்போது கடிகாரம் பார்த்துத்தான் வேலை. வலி இருக்கிறதா இல்லையா என்று உடம்பைக் கேட்பதில்லை. முதலில் ஒரு வாரம் குனிந்து செய்கிற வேலையை ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை நிமிடம் செய்தேன், மறுநாள் காலை எப்படி இருந்தது, இரண்டே வரி. எனக்கு அரைமணி தாண்டினால் மறுநாள் பிடித்தது. ஆகவே இருபது நிமிடத்தில் ஆரம்பித்தேன். குக்கருக்கு வைக்கிற டைமரை இடுப்பில் செருகிக்கொள்வேன். மணி அடித்தால், கையில் பாதி பிடுங்கிய கோரை இருந்தாலும், நிமிர வேண்டும். அப்புறம் நின்று செய்கிற வேலை ஏதாவது ஒரு மணி நேரம். சாயங்காலம் இன்னொரு இருபது. நல்ல நாளிலும் இருபதுதான். சுமாரான நாளிலும் இருபது, அதில் லேசான வேலையாக. இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் போனால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுவேன். இன்றைக்கு முப்பத்தைந்தில் நிற்கிறேன். கணக்குப் போட்டால், அந்த ஆறு மணி முதல் ஒரு மணி வரை செய்த வேலையை இப்போது ஆறு ஏழு நாளில் முடித்துவிடுகிறேன். ஏழு வாரம் படுக்கவும் இல்லை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். பாதியில் விடுவதுதான் நமக்கு வராது. பாதி பெருக்கிய முற்றம் தெருவில் போகிறவர் கண்ணில் படும். தொட்ட வேலையை முடிக்காதவள் என்று பெயர் வாங்குவதற்கு இடுப்பு ஒடிந்தாலே தேவலை என்று தோன்றும், நிஜமாகவே தோன்றும். இதற்கு நான் கண்டுபிடித்த தந்திரம், பாத்தியை மனசுக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வது. கிணற்றிலிருந்து கறிவேப்பிலை வரை ஒரு கட்டம், அங்கிருந்து வேலி வரை இன்னொன்று. ஒரு கட்டத்தை முடித்தால் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கும். தெருப்பக்கக் கட்டத்தை முதலில் முடித்துவிட்டால் பெயரும் கெடாது.

எதிர்வீட்டு சாருக்கு இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். நாலு நாள் கழித்து வலி குறைந்ததும் மறுபடி மம்மட்டி. நானும் அப்படித்தானே இருந்தேன்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவது

வலிமாத்திரை வலியை மறைக்கும், பிதுங்கிய வட்டை மறைக்காது. அறுபதுக்கு மேல் அந்த மாத்திரைகளை மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு என்று வேறு வழக்குகள் வந்து சேரும். இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். கட்டிக்கொண்டதும் வருகிற தைரியத்தில் தூக்கக்கூடாததைத் தூக்குவோம்.

ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடிப்பது

ஏறாதீர்கள்.

தோட்டத்தைப் பழைய அளவிலேயே வைத்திருப்பது

ஐம்பது வயதில் போட்ட தோட்டம் எழுபதுக்கு ஒத்துவராது. நான் கத்தரி, வெண்டைப் பாத்தியைக் கைவிட்டேன், மனசு கேட்கவில்லைதான். அந்த இடத்தில் கோவைக்காய்ப் பந்தல். நின்றபடியே பறிக்கலாம், வருடக்கணக்கில் காய்க்கும். முருங்கையை இடுப்பு உயரத்தில் வெட்டிவிடச் சொன்னேன், பக்கத்தில் கிளைத்துக் கைக்கெட்டுகிற இடத்தில் காய்க்கிறது. கீரையும் புதினாவும் மேலே ஏறிவிட்டன. ஹாலோ பிளாக் கல்லை இரண்டு பக்கம் அடுக்கி, மேலே வீட்டில் மிச்சமிருந்த கடப்பாக்கல்லைப் போட்டு, அதில் தொட்டிகளை வரிசையாக வைத்தாயிற்று. அடுப்பு மேடை உயரம் இருந்தால் போதும்.

களையைப் பிடுங்குவதைவிட முளைக்கவிடாமல் செய்வது லேசு. தென்னை ஓலையையும் சருகையும் எரிக்காமல், அள்ளியும் போடாமல், செடிகளைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பிவிடுகிறேன். வெயில் படாத மண்ணில் புல் அவ்வளவாக எழும்பாது, தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும். மரத்தின் அடித்தண்டை ஒட்டிப் போடாதீர்கள், கரையான் ஏறும்.

தொட்டி நகர்த்துவது பற்றி ஒரு வார்த்தை. ஈரமான தோட்டத்து மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. பார்க்கச் சின்னதாக இருக்கிற பதினைந்து லிட்டர்த் தொட்டி இருபது கிலோவைத் தாண்டும். தண்ணீர் விடுவதற்கு முன்பு நகர்த்துங்கள், அல்லது நகர்த்தவே நகர்த்தாதீர்கள். ஒரு வாளி நிறையத் தண்ணீரை ஒரே கையில் தூக்கிக்கொண்டு நடப்பதற்குப் பதில் அரை அரை வாளியாக இரண்டு கையில் பிடித்தால் உடம்பு ஒருபக்கம் சாயாது.

காசை மிச்சம்பிடிக்க வேண்டாத இடத்தில் மிச்சம்பிடிப்பது

தேங்காய் வெட்ட ஆள் நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை வருகிறார். அவர் வருவதற்குள் சேர்கிற பாரவேலைகளைச் சமையலறைக் கதவில் ஒரு தாளில் எழுதிவைப்பேன். சிலிண்டரை உள்ளே தள்ளுவது (காஸும் இரும்பும் சேர்ந்து முப்பது கிலோ), மெத்தை புரட்டுவது, மாடித் தொட்டி கழுவுவது, அரிசிமூட்டை இறக்குவது. மரம் ஏறி முடித்ததும் டீ கொடுத்து, தாளைக் காட்டி, அரைமணி வேலைக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுவேன். "இதுக்குப் போயி காசா" என்று முன்பு நினைத்தவள்தான். 18,000 ரூபாயை அந்தக் கூலியால் வகுத்துப் பார்த்த பிறகு நினைப்பதில்லை.

பிடித்துக்கொண்டதும் படுத்தே கிடப்பது

ஒன்றிரண்டு நாள் சரி. அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து இன்னும் மோசமாகும். வீட்டுக்குள்ளேயே மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நடந்தால்கூடப் போதும்.

இதை மட்டும் தள்ளிப்போடுவது

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலமிழந்து பாதம் தொங்குவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி. நரம்புக்கற்றை நசுங்கினால் மணிக்கணக்குத்தான் அவகாசம். எலும்பு தேய்ந்த வயதில் கீழே விழுந்தோ, குனிந்து எதையாவது தூக்கியோ முதுகில் திடீரென்று கூர்மையான வலி வந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அது எலும்பு முறிவாகவும் இருக்கலாம்.

குட்டை வாரியல்

ஈர்க்கு வாரியலை (துடைப்பத்தை) தோள் உயரக் கம்பில் கட்டிக்கொள்ளுங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் குழாய் கொஞ்ச நாளில் ஆடிப்போகிறது. நல்ல மூங்கில் கம்பாக வாங்கி, வாரியலின் கட்டுப்பகுதியை நனைத்து இறுக்கி, சைக்கிள் டியூபைக் கிழித்து மேலே சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்கும். எதிர்வீட்டு சாருக்கும் ஒன்று கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவர் ஆறடி, அவருக்குக் கம்பு பத்தவில்லை.