மினியேச்சருக்கு வண்ணம் பூசும்போது பதம் தவறும் இடங்கள்

மேசைமேல் சின்னப் பொம்மை வீரர்களை (மினியேச்சர்) படையாக நிறுத்தி ஆடும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில் ஒரு வீரனின் முகம் கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். அதற்குள் கண்குழி, தாடை, கன்னத்து வடு எல்லாம் வார்த்திருப்பார்கள். சாம்பல் நிற பிளாஸ்டிக்காக வந்த அந்த முகம், நிழலும் வெளிச்சமும் ஏறியதும் நம்மையே திரும்பிப் பார்க்கும். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடாமல், வண்ணம் பூசுவதற்காகவே பொம்மை வாங்குபவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் பொம்மையிலேயே மனம் சோர்ந்து விட்டுவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் கைத்திறன் இல்லை, ஈரத்தின் பதம்.

டப்பாவிலிருந்து எடுத்த அக்ரிலிக் பெயிண்டை அப்படியே பூசுவதுதான் முதல் தவறு. தோசை மாவு போல் கெட்டியாக இருக்கும் பெயிண்ட், கவசத்தின் மெல்லிய கோடுகளை அடைத்துவிடும், தூரிகைத் தடமும் காய்ந்து நிற்கும். இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று தொடங்கி, பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கோடாகவே நின்றால் பதம் சரி, ஓரங்களில் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது. பொம்மையைத் தொடுமுன் தூரிகையை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றுவதும் கட்டாயம். தூரிகையின் வயிற்றில் தேங்கிய ஈரம் முழுவதும் இறங்கினால் முகம் குளமாகிவிடும்.

முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பயந்துபோய் அரைகுறையாகக் காய்ந்த இடத்திலேயே மறுபடி தேய்த்தால், பாதி காய்ந்த தோல் உரிந்து சொரசொரப்பாகும். அதை மறைக்க வழியே இல்லை. நன்றாகக் காயவிட்டு இரண்டாம் பூச்சு, தேவைப்பட்டால் மூன்றாவது.

மஞ்சள் தனிக்கதை. பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சுதான் பிரைமர். கறுப்புப் பிரைமர் மேல் மஞ்சள் ஐந்து முறை பூசினாலும் பாசி நிறத்தில்தான் நிற்கும். அடியில் வெளிர் பழுப்போ இளஞ்சிவப்போ பூசிக்கொண்டால் இரண்டு முறையில் வேலை முடியும்.

பிரைமருக்கு முன்னால் கத்தி வேலை ஒன்று இருக்கிறது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் பொம்மை முழுக்க ஒரு மெல்லிய வரப்பு ஓடும், அதுதான் மோல்டு லைன். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. டிரை பிரஷ் செய்த, அதாவது பெயிண்டைத் துடைத்தெடுத்த காய்ந்த தூரிகையால் மேடுகளில் லேசாகத் தேய்த்த அடுத்த நொடி, தோளில் தழும்பு போல் பளிச்சென்று எழும். கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும், கூர்முனை பிளாஸ்டிக்கைக் கொத்திவிடும். ரெசின் என்ற பிசினை அச்சில் ஊற்றி வார்த்த பொம்மை என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள், அச்செண்ணெய் மேல் பெயிண்ட் பிடிக்காது.

ஸ்ப்ரே பிரைமரில் தூரம்தான் எல்லாம். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கிவிட்டு, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, சின்னச் சின்ன வீச்சாக அடிக்க வேண்டும். கிட்டே பிடித்தால் வழியும். எட்டப் பிடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மணல் தூவியதுபோல் வந்து ஒட்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளிலும் பூச்சு சரியாகப் படியாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு மழை நாளில் தூரிகையால் பூசும் பிரைமர்தான் நிம்மதி. பெயிண்டைக் காக்கக் கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷுக்கும் இதே எச்சரிக்கை. ஈரக்காற்றில் அடித்தால் வெண்பனி படர்ந்து, பல மணி நேர உழைப்பு மங்கிப்போகும்.

வாஷ் என்பது பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த மை. புதிதாக வருபவர்கள் அதைப் பொம்மை முழுக்கக் கொட்டிவிடுகிறார்கள். தட்டையான கவசத்தில் தேங்கிய வாஷ், ஓரத்தில் காப்பிக் கறை போல் வளையமிட்டுக் காயும். ஈரமாக இருக்கும்போதே, துடைத்த தூரிகையின் நுனியால் தேங்கியதை உறிஞ்சி எடுங்கள். பிறகு அரைமணி நேரமாவது தொடாதீர்கள்.

தூரிகையைப் பெயிண்டில் பாதி முடிக்கு மேல் முக்கக் கூடாது. உலோகப் பூண் வரை ஏறிய பெயிண்ட் உள்ளே இறுகி, முடியைப் பிரித்து, நுனியின் கூர்மையைக் கெடுத்துவிடும். வெள்ளி, தங்கப் பெயிண்டுக்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும், இல்லையென்றால் மினுக்குத் துகள் அடுத்த நிறத்தில் கலக்கும். நுனியைக் கூராக்க நாக்கில் வைக்கும் பழக்கமும் வேண்டாம். சில நிறமிகள் நஞ்சு, பழைய உலோகப் பொம்மைகளில் ஈயமும் உண்டு.

இருபது வீரர்களை ஒரே மூச்சில் தொடங்காதீர்கள், ஐந்து ஐந்தாக எடுங்கள். ஐந்தாவது பொம்மைக்கு வருவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும். மேசையில் மூன்றடி தள்ளி நிற்பவர் கண்ணில் படுவது முகம், ஆயுதம், அடித்தட்டின் விளிம்பு. நேரத்தை அங்கே செலவிடுங்கள். விளிம்பை எல்லா வீரர்களுக்கும் ஒரே நிறத்தில் சுத்தமாகப் பூசிவிட்டால், வெவ்வேறு மாதங்களில் முடித்த பொம்மைகளும் ஒரே படையாக நிற்கும்.