முதல் மூன்று பத்திகளை எடுத்துவிட்டேன்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி இணையத்தில் 6 பகுதிகள் எழுதினேன். நான்காவது பகுதியைப் படித்தவர்கள் 11 பேர். மனசு சோர்ந்துபோனது.

அத்தையிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஆரம்பமே விமானத்தின் உயரம் எத்தனை அடி, 1010இல் குடமுழுக்கு, ராஜராஜனின் பட்டங்கள். அவர் விரல் சரசரவென்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒரே இடத்தில் நின்றது. கோயிலில் ஆடுவதற்காக 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்த கல்வெட்டு அது.

"ஒவ்வொருத்தி பேரையுமாடா கல்லுல வெட்டியிருக்காங்க? எங்க திருவாரூர்லேருந்து யாராச்சும் உண்டா?"

உண்டு. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை உண்டு. (தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசைதான் சிறகு, எவ்வளவு அழகான சொல்!) அதைப் போய்க் கடைசியில் தள்ளியிருந்தேனே!

அன்றிரவே உயரத்தையும் பட்டங்களையும் எடுத்துவிட்டு, தென்சிறகின் தலைவீட்டிலிருந்து தொடங்கினேன். அடுத்த வாரம் ஒருவர் தன் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார். இப்போது அதை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.