எக்செலில் மணிக்கணக்கு கூடவில்லையா? காற்புள்ளியைப் பாருங்கள்

வேலை நேரக் கோப்பை எக்செலில் திறந்து மணிகளைக் கூட்டினால் 0 அல்லது குறைந்த தொகை வருகிறதா? விண்டோஸ் தென்னாப்பிரிக்க அமைப்பில் இருந்தால், கண்ட்ரோல் பேனல், ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ் போய், 'டெசிமல் சிம்பல்' கட்டத்தில் உள்ள காற்புள்ளியை எடுத்துவிட்டுப் புள்ளி வையுங்கள். 'லிஸ்ட் செபரேட்டர்' அரைப்புள்ளியாக இருந்தால் அதைக் காற்புள்ளி ஆக்குங்கள். எக்செலை மூடிவிட்டு மூல சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) மறுபடி திறங்கள்.

தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸுக்கு ஏழரை என்றால் 7,5. வேலை நேரம் பதியும் மென்பொருள்களோ பெரும்பாலும் 7.5 என்றே எழுதித் தருகின்றன. எக்செல் அதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதுதான் அடையாளம். கூட்டினால் 0 வரும். சில வரிகள் மட்டும் முழு மணியாக இருந்தால் அவை மட்டும் கூடும், இதுதான் ஆபத்து: தொகை சரிபோலத் தெரியும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வாடிக்கையாளருக்குப் போகும் பில்லில் ராண்ட் (அந்நாட்டுப் பணம்) குறையும்.

நேரம் 07:30:00 என்று வந்தால் இந்த வழி உதவாது. அங்கே மொத்தத்தை 24ஆல் பெருக்கி, கட்டத்தை நம்பர் வடிவத்துக்கு மாற்றுங்கள். காற்புள்ளியோடு தொகை வரும் கோப்புகளையே அதிகம் திறக்கும் கணினியிலும் முதலில் சொன்ன ரீஜன் மாற்றத்தைச் செய்ய வேண்டாம், அந்தக் கோப்புகளின் எண்கள் தவறாகப் படிக்கப்படும்.